தோற்காமலே காணாமல் போன கம்மரகஞ்சா கிளப்

கேட்கப்பட்ட கேள்வி இது: "ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்தில் நாட்டுப்புறத்துக் கிளப்புகள் நிறைய மூடப்பட்டுவிட்டன என்கிறார்கள். அப்படி மறைந்துபோன ஒரு கிளப்பின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? நன்றாக ஆடுகிற அணி எப்படி இல்லாமல் போகும்?"

முதலில் விளையாட்டைப் பற்றி இரண்டு வரி. அங்கே 'ஃபுட்டி' என்று சொல்வது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்து, கிரிக்கெட் மைதானம் அளவுக்கு வட்டமான திடல், அணிக்கு 18 பேர். உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், உதைத்து வரும் பந்தை எகிறிப் பிடிக்கலாம். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் 1 புள்ளி. விக்டோரியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனால் தேவாலயம் இருக்கும், மதுக்கடை இருக்கும், ஃபுட்டி திடல் இருக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஊரே அந்தத் திடலில்தான் நிற்கும்.

அப்படிப்பட்ட ஊர்க் கிளப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் மூடின. பண்ணைகள் பெரிதாகின, இயந்திரம் வந்தது, ஆள் தேவை குறைந்தது, பையன்கள் நகரத்துக்குப் போனார்கள், 18 பேர் தேறவில்லை. பக்கத்து ஊர்க் கிளப்போடு சேர்ந்து இரட்டைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கொஞ்ச வருஷத்தில் அதுவும் போயிற்று. இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், ஒன்று கேட்டால் நூறு கேட்ட மாதிரி. உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை இழுத்தது. நன்றாக ஆடுகிற அணி எப்படி இல்லாமல் போகும்? அதற்கு எனக்குத் தெரிந்த ஒரே சரியான உதாரணம் கம்மரகஞ்சா.

கம்மரகஞ்சா இருப்பது மர்ரே ஆற்றங்கரையில், நியூ சவுத் வேல்ஸ் பக்கம். எதிர்க்கரையில் விக்டோரியாவின் பார்மா. சுற்றிலும் சிவப்புக் கட்டை கொடுக்கும் யூகலிப்டஸ் காடு, வெள்ளம் வந்தால் மாதக்கணக்கில் தண்ணீரிலேயே நிற்கும் காடு. இது யோர்ட்டா யோர்ட்டா பூர்வகுடிகளின் மண். அவர்கள் மொழியில் ஊர்ப் பெயருக்கு 'எங்கள் வீடு' என்று பொருள் சொல்வார்கள். உச்சரிக்க வாய் வலிக்கிறதென்றோ என்னவோ, அந்த ஊர்க்காரர்களே 'கம்மரா' என்று சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஊர் உருவான விதத்தைச் சொல்லாமல் கிளப்பைச் சொல்ல முடியாது. 1874இல் டேனியல் மாத்யூஸ் என்ற வெள்ளைக்காரர் பக்கத்தில் மலோகா என்ற இடத்தில் ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கினார். நிலம் பறிபோய், குடியேறிகளின் பண்ணை ஓரங்களில் அல்லாடிக்கொண்டிருந்த யோர்ட்டா யோர்ட்டா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். 1881இல் அவர்களில் 42 ஆண்கள் கையெழுத்திட்டு ஆளுநருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். உழுது பிழைக்க எங்களுக்கு நிலம் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். சுமார் 1,800 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. மிஷனின் மதக் கட்டுப்பாடுகள் பலருக்குக் கசந்துபோயிருந்த நேரம். 1888இல் பெரும்பாலானவர்கள் மலோகாவை விட்டுக் கிளம்பி, வீடுகளையும் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு அந்தப் புது இடத்துக்கு வந்துவிட்டார்கள். அதுதான் கம்மரகஞ்சா.

இங்கே நம்மவர்கள் நிமிர்ந்து உட்காரக்கூடிய ஒரு ஆள் வருகிறார். தாமஸ் ஷாட்ரக் ஜேம்ஸ். 1859இல் மொரீஷியஸில் பிறந்தவர், இந்திய வம்சாவளி. குடும்பப் பெயர் பீர்சாகிப். தந்தை இந்தியாவிலிருந்து போனவர், பின்னால் கிறிஸ்தவர் ஆனவர். ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஜேம்ஸ், 1881இல் மெல்பேர்னின் பிரைட்டன் கடற்கரையில் மலோகா மக்களோடு முகாமிட்டிருந்த மாத்யூஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவரை மர்ரே கரைக்கே கொண்டுபோய்விட்டது. சம்பளம்கூட இல்லாமல் பாடம் சொல்லித் தர ஆரம்பித்தவர், மலோகாவிலும் கம்மரகஞ்சாவிலுமாக 40 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். யோர்ட்டா யோர்ட்டா பெண்ணான ஏடா கூப்பரை மணந்துகொண்டு அந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் எதற்கு என்று அதிகாரிகள் நினைத்த காலத்தில், இவர் மனு எழுதவும் மேடையில் பேசவும் கற்றுக்கொடுத்தார். ஏடாவின் சகோதரர் வில்லியம் கூப்பர் பெரியவரான பிறகு இவரிடம்தான் எழுத்துக் கற்றார். டக் நிக்கல்ஸும் இவருடைய மாணவர். இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.

சரி, ஃபுட்டிக்கு வருவோம்.

ஊரில் கால்தான் சொத்து. 1880களிலேயே பாபி மெக்டொனால்ட் என்ற கம்மரகஞ்சா ஓட்டக்காரர் குனிந்து, கையைத் தரையில் ஊன்றி ஓட்டத்தைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்றைக்கு ஒலிம்பிக்கில் எல்லோரும் தொடங்குகிற விதத்தை உலகில் முதலில் செய்தவர் அவர்தான் என்று அந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். வில்லியம் கூப்பரின் மகன் லிஞ்ச் கூப்பர் 1928இல் ஸ்டாவெல் கிஃப்ட் பந்தயத்தில் வென்றார். அது ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய தொழில்முறை ஓட்டப்பந்தயம், ஈஸ்டர் விடுமுறையில் நடப்பது. டக் நிக்கல்ஸ் 1929இல் நையா, வாராக்னபீல் ஆகிய இரண்டு ஊர்ப் பந்தயங்களில் பரிசு தட்டினார். இப்படிப்பட்ட கால்கள் நிறைந்த ஊரில் முட்டைப் பந்தைப் போட்டால் என்ன ஆகும்?

என்ன ஆயிற்று என்றால், சுற்றுவட்டார வெள்ளைக்கார ஊர்கள் எல்லாம் தோற்றன. ஊர் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் கம்மரகஞ்சா அணி ஆடியது ஆற்றுக்கு அக்கரையில், விக்டோரியாவின் கோதுமை, பால்பண்ணை ஊர்களோடு. 'வெஸ்டர்ன் அண்ட் மொய்ரா ரைடிங்ஸ்' என்பது லீகின் பெயர். ரைடிங் என்றால் குதிரைச் சவாரி அல்ல, உள்ளூராட்சி வட்டாரத்தைக் குறிக்கும் சொல். அந்த லீகில் கம்மரகஞ்சா ஆறு வருஷத்தில் ஐந்து முறை பிரீமியர்ஷிப்பை, அதாவது அந்த ஆண்டின் சாம்பியன் பட்டத்தைக் கொண்டுபோனது. 'இன்வின்சிபிள்ஸ்', அதாவது வெல்ல முடியாதவர்கள் என்று பட்டப்பெயரும் கிடைத்தது.

இந்த அணியில் ஆடியவர்கள் வாரம் முழுக்கப் பயிற்சி செய்தவர்கள் இல்லை. செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில், வாய்க்கால் வெட்டும் இடத்தில், மரம் அறுக்கும் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். டக் நிக்கல்ஸ் பதின்ம வயதில் தார்ப் பையனாக இருந்தார். கத்தரிக்கும்போது ஆட்டுத் தோலில் வெட்டுப்பட்டால் ஓடிப் போய்த் தார் தடவ வேண்டும், அதுதான் வேலை. பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய இப்படிப்பட்ட குடியிருப்பை 'ரிசர்வ்' என்பார்கள்; அதற்கு வெள்ளைக்கார மேலாளர் ஒருவர் இருந்தார். உள்ளே வருவதும் வெளியே போவதும் பெரும்பாலும் அவர் தயவு. வெள்ளைக்காரனும் கறுப்பனும் ஒரே விதியின்படி மோதிக்கொள்ள வாரத்துக்கு ஒருமுறை கிடைத்த இடம் அந்தத் திடல் ஒன்றுதான். அங்கே நடுவர் ஊதுகிற விசில் இரண்டு பக்கத்துக்கும் பொது.

அதுவும் கொஞ்ச காலம்தான். தொடர்ந்து தோற்ற லீக் ஒரு விதி கொண்டுவந்தது: கம்மரகஞ்சா அணியில் 25 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆடக் கூடாது. மற்ற அணிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதை ஒருவர் நியாயப்படுத்தவும் முயலலாம். ஓட்டப்பந்தயத்தில் 'ஹேண்டிகேப்' என்று ஒரு பழக்கம் உண்டு. ஸ்டாவெல் பந்தயமே அப்படித்தான். வேகமானவன் பின்கோட்டிலிருந்து ஓட வேண்டும், மெதுவானவனுக்குச் சில கஜம் முன்னால் இடம் தருவார்கள். ஆனால் அங்கே அளவுகோல் ஒவ்வொருவருடைய கால் வேகம். நேற்று ஜெயித்தவன் யாராக இருந்தாலும் இன்று பின்னால் போவான். இங்கே கட்டியது ஒரே ஒரு அணியின் காலை. 25 வயது என்பதையும் கவனியுங்கள். ஃபுட்டியில் உடம்பும் மூளையும் ஒன்று சேர்ந்து முதிர்வதே அந்த வயதுக்கு மேல்தான். பையன்களை அதட்டி ஒழுங்கில் வைக்கும் மூத்த ஆட்டக்காரன், காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று திடலைப் பார்த்தே சொல்லிவிடுகிறவன், எல்லோரும் வரப்புக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று. 'நீங்கள் ஆடக் கூடாது' என்று சொல்லவில்லை. 'இவ்வளவு நன்றாக ஆடக் கூடாது' என்று சொன்னார்கள்.

ஆனாலும் கிளப்பை அழித்தது இந்த விதி அல்ல என்பது என் எண்ணம். பலர் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவார்கள், கோபப்பட வசதியான இடம் என்பதால். ஒரு கிளப்புக்கு வயது வரம்பு வைத்தால் அடுத்த தலைமுறை வரும்வரை தாங்கிக்கொள்ளும். அடுத்த தலைமுறையே ஊரில் இல்லாமல் செய்தால்? நடந்தது அதுதான், அது திடலுக்கு வெளியே நடந்தது.

ஊர் ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. காடழித்துக் கோதுமை போட்டார்கள், சில குடும்பங்களுக்குத் தனித்தனி விவசாயத் துண்டுகள் கிடைத்தன. 1907இல் அந்தத் துண்டுகள் திரும்பப் பிடுங்கப்பட்டன. உழைத்துப் பண்படுத்திய மண் கையை விட்டுப் போனது. 1909இல் நியூ சவுத் வேல்ஸ் ஒரு சட்டம் இயற்றிப் பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியத்துக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தது. 1915 திருத்தத்தில் நீதிமன்றம் போகாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போகவும் அனுமதி வந்தது. டக் நிக்கல்ஸுக்கு 8 வயதாக இருக்கும்போது அவர் அக்கா ஹில்டாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதை நேரில் பார்த்தார். 1936 திருத்தம் வாரியத்தின் பிடியை இன்னும் இறுக்கியது. 1930களின் கடைசியில் ஊரில் ரேஷன் போதவில்லை, வீடுகள் ஒழுகின, காசநோய் பரவியது, மேலாளரின் கெடுபிடி தாங்கவில்லை.

வில்லியம் கூப்பர் இதற்குள் எழுபதைத் தாண்டிவிட்டார். ரிசர்வில் இருந்தால் ஓய்வூதியம் கிடையாது என்பதால் மெல்பேர்னில் ஃபுட்ஸ்கிரே பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தைக் கட்டினார். மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு அனுப்பச் சொல்லி 1,814 கையெழுத்துகள் திரட்டினார். அரசாங்கம் 1937இல் அதை வாங்கி வைத்துக்கொண்டது, மன்னருக்கு அனுப்பவே இல்லை. 1938 டிசம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் மீது நடந்த வன்முறையைக் கண்டித்து மெல்பேர்னில் ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கு நடந்துபோனதும் இதே மனிதர்தான். தனக்கே வாக்குரிமையும் நிலமும் ஒழுங்காக இல்லாத ஒரு முதியவர், முன்பின் பார்த்திராத மக்களுக்காகப் போய்க் கதவைத் தட்டினார். ஃபுட்டியோடு இதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

1939 பிப்ரவரி 4. ஜாக் பேட்டன் என்ற முன்னாள் குத்துச்சண்டை வீரர், அந்தப் பகுதியில் பிறந்தவர், ஊருக்கு வந்து மக்களிடம் பேசினார். பூர்வகுடிகளை ரிசர்வை விட்டு வெளியேறத் தூண்டினார் என்று அவரைக் கைது செய்தார்கள். அதே நாள் மக்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். 150 முதல் 200 பேர் வரை. ஆற்றைக் கடப்பதென்றால் இங்கே வெறும் இடம் மாறுவது அல்ல. மர்ரே ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம், மாநில எல்லை தென்கரையில் ஓடுகிறது. தென்கரையில் ஏறிவிட்டால் அந்த வாரியத்தின் கை எட்டாது. சனிக்கிழமைதோறும் ஃபுட்டி ஆடக் கடந்த அதே ஆறு. நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தால் 1939 பிப்ரவரி 4உம் ஒரு சனிக்கிழமைதான்.

பார்மா பக்கத்தில் மாதக்கணக்கில் முகாமிட்டு இருந்தார்கள். சிலர் பின்னால் திரும்பிப் போனார்கள், பலர் போகவில்லை. ஷெப்பர்ட்டனுக்கும் மூரூப்னாவுக்கும் நடுவே, வெள்ளம் வந்தால் முழுகிப்போகும் 'தி ஃப்ளாட்ஸ்' என்ற ஆற்றுப்படுகையில் தகரமும் சாக்குமாகக் குடிசை போட்டார்கள். பக்கத்துப் பழத் தோட்டங்களிலும் பழங்களை டின்னில் அடைக்கும் ஆலையிலும் வேலை கிடைத்தது. இன்னும் சிலர் எச்சூக்கா போனார்கள், சிலர் மெல்பேர்னின் ஃபிட்ஸ்ராய்க்குப் போனார்கள். அந்த மேலாளரை மறு வருஷம் மாற்றினார்கள், ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். 1953இல் கம்மரகஞ்சா, அரசு நடத்தும் பூர்வகுடிக் குடியிருப்பு என்ற கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. ஒருசில குடும்பங்கள் மட்டும் பிடிவாதமாக அங்கேயே இருந்தன. ஒருசில குடும்பங்களை வைத்து 18 பேர் அணி எப்படிக் கட்டுவது?

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: அணி கெட்டுப்போய்க் கிளப் போகவில்லை, ஊர் கலைந்து கிளப் போயிற்று. வறட்சியிலும் வேலையின்மையிலும் கரைந்த மற்ற கிராமத்துக் கிளப்புகளோடு இதை ஒரே வரிசையில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

டக் நிக்கல்ஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1906இல் கம்மரகஞ்சாவில் பிறந்தவர். உயரம் 5 அடி 2 அங்குலம்தான். டோங்காலா என்ற பக்கத்து ஊருக்கு ஆடிவிட்டு 1920களின் இறுதியில் மெல்பேர்ன் போனார். கார்ல்ட்டன் கிளப்பில் முயன்று பார்த்தார். தோல் நிறத்தைக் காரணமாக வைத்து அங்கே அவரை ஒதுக்கினார்கள், உடம்பைப் பிடித்துவிடக்கூட ஆள் வரவில்லை என்பது பல இடங்களில் பதிவாகியிருக்கிற கதை. நார்த்கோட் கிளப் சேர்த்துக்கொண்டது, 1929இல் அந்த அணி கோப்பை வென்றது. 1931இல் ஜிம்மி ஷார்மனின் குத்துச்சண்டைக் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சுற்றினார். 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய் அணிக்கு 54 ஆட்டம். அங்கே உடை மாற்றும் அறையில் தனியாக ஒதுங்கி உட்கார்ந்தவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஹேடன் பன்ட்டன், அந்தக் காலத்து மிகப் பெரிய நட்சத்திரம். 1935இல் விக்டோரியா மாநில அணிக்கும் ஆடினார். உயர்மட்ட லீகில் ஆடிய முதல் பூர்வகுடி நிக்கல்ஸ் என்று சிலர் எழுதுவது தவறு. ஜோ ஜான்சன் 1904இலேயே அதே ஃபிட்ஸ்ராய்க்கு ஆடிவிட்டார்.

கிளப் போனாலும் ஆட்டம் போகவில்லை. போர்க் காலத்தில் நிக்கல்ஸ் மெல்பேர்னில் பூர்வகுடி வீரர்களைச் சேர்த்து அணி கட்டி, நிதி திரட்டும் ஆட்டங்கள் நடத்தினார். பிறகு பாதிரியார் ஆனார், 1972இல் சர் பட்டம், 1976 டிசம்பரில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். இன்றைக்கு ஏஎஃப்எல், அதாவது ஃபுட்டியின் தேசிய லீக், ஆண்டுதோறும் பூர்வகுடி வீரர்களுக்காக ஒதுக்கும் சுற்று அவர் பெயரில்தான் நடக்கிறது. எசென்டனுக்கு ஆடிய நேதன் லோவெட்-மர்ரே அவருடைய கொள்ளுப்பேரன். நிக்கல்ஸ் ஆடிய ஃபிட்ஸ்ராயும் பின்னால் பெரிய லீகிலிருந்து காணாமல் போயிற்று. 1996 செப்டம்பரில் பெர்த்தில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு பிரிஸ்பேனோடு கரைந்தது. ஆனால் அது பணக் கணக்கு, வேறு கதை.

'இந்த விளையாட்டே பூர்வகுடிகளின் பழைய பந்தாட்டமான மார்ன்கிரூக்கிலிருந்து வந்ததுதானே' என்று யாராவது அடுத்துக் கேட்பார்கள். அந்தச் சண்டை வரலாற்றாசிரியர்களிடம் இன்னும் ஓயவில்லை, அதற்குள் இப்போது போக வேண்டாம்.

ஷெப்பர்ட்டனில் ரம்பலாரா என்ற கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தால், அது இந்தக் கதையின் தொடர்ச்சிதான். ஆற்றைக் கடந்துபோனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கட்டியது. பால் பிரிக்ஸ் போன்றவர்கள் பல வருஷம் அலைந்து, கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்று சொல்லக் கேட்டு, 1997இல்தான் ஒரு லீகில் இடம் வாங்கினார்கள். ஃபுட்டியும் பெண்களுக்கு நெட்பாலும் சேர்ந்த கிளப். ஆட்ட நாளில் ஆட்டம் மட்டும் நடப்பதில்லை, இரத்த அழுத்தம் பார்ப்பதிலிருந்து வேலை தேடித் தருவதுவரை அங்கே நடக்கிறது. கம்மரகஞ்சா கிளப்பின் வாரிசு என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன், சட்டப்படி இரண்டும் வேறு வேறு என்றாலும்.

கம்மரகஞ்சா நிலம் 1980களில் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் கைக்குத் திரும்பி வந்தது. இப்போதும் குடும்பங்கள் வாழ்கின்றன. பார்மாவிலிருந்து பாலம் தாண்டினால் எட்டிவிடும் தூரம். வில்லியம் கூப்பர் 1941இல் இறந்தபோது அவரை அங்கேதான் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். ஆளுநராக இருந்த டக் நிக்கல்ஸ் 1988இல் மூரூப்னாவில் இறந்தார். அரசு மரியாதையெல்லாம் முடிந்த பிறகு அவரையும் ஆற்றைத் தாண்டி அந்த இடுகாட்டுக்கே எடுத்துப் போனார்கள்.